வராந்தாவில் நின்றவள்

பிப்ரவரி 6

அன்பு வாயாடிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் காவல்ல நல்லபடியா வீடு வந்து சேர்ந்தேன். நீ சுகமா? முழங்கால் வலி எப்படி இருக்கு? தைலம் என் கட்டிலுக்கு அடியில பழைய பிஸ்கட் டப்பாவுல கிடக்கு. எடுத்துத் தேய்ச்சுக்கோ, மிச்சம் பிடிக்காதே.

முதல்ல உன் மகளைப் பத்திச் சொல்லிடறேன், இல்லேன்னா நீ மேல படிக்க மாட்டே. நாம ஹோட்டல் வேலைக்குப் போனப்ப நிக்கத் தெரியாம சுவத்தைப் பிடிச்சிட்டு நின்னாளே, இப்ப தெருவே அவளுக்குப் போதல. என்னைப் பார்த்ததும் உன் அண்ணன் லுங்கிக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு, "இதான் உம்மாவா?"ன்னு கேட்டா. "உம்மா இல்லடி, மாமி"ன்னேன். "அப்ப உம்மாவை எங்க வச்சிட்டு வந்தே?"ன்னு என்னையே அதட்டுறா. வாய் அப்படியே உன் வாய். பக்கத்து வீட்டம்மா இத்தனை காலம் நல்லாத்தான் வளர்த்திருக்காங்க. தலையில மட்டும் பேன்.

உன் அண்ணன் உடம்புக்கு ஒண்ணுமில்ல. கண்ணுதான் நாம போனப்ப இருந்ததை விட மோசம். வெல்டிங் பட்டறையை மூடிட்டார். வெளிச்சமும் ஆள் உருவமும் தெரியுது, எழுத்து தெரியல. அதனால உன் கடிதத்தை நான்தான் சத்தமாப் படிச்சுக் காட்டணும். ஹோட்டல் விஷயம் ஏதாவது இருந்தா தனித்தாள்ல எழுதி உள்ள மடிச்சு வை. நான் உனக்கு எழுதுறதையும் அவருக்குப் படிச்சுக் காட்டணும், அதனால இதையும் தனித்தாள்லதான் எழுதுறேன்.

ஆள் வரத்து கம்மி, கொஞ்ச நாள் லீவு குடுத்திருக்காங்கன்னு அவர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். விசாரணை முடியற வரைக்கும் ஊர்ல இருன்னு அனுப்பி வச்சதை, நடந்ததைச் சொல்ல எனக்கு வாய் வரல. கண்ணு தெரியாத மனுஷன், உக்கார்ந்த இடத்துல அதையே நினைச்சு நினைச்சு நொந்து போயிடுவார். நீயும் சொல்லாதே.

விசாரணை எப்ப? நீ பெருசா எதுவும் பேச வேணாம். மூலை ரூமுக்குள்ள நான் கத்தினது உன் காதுல விழுந்தது, நீ விரிப்பு வண்டியை விட்டுட்டு ஓடி வந்து கதவை இடிச்சே, அங்க தங்கியிருந்தவன் கதவைத் திறந்தப்ப என் முக்காடு அவன் கையில இருந்துது. அதை அப்படியே சொன்னா போதும். மேனேஜர் என்கிட்ட முதல்ல கேட்டதே "யாராவது பார்த்தாங்களா?"ன்னுதான். "என் நாத்தனார் பார்த்தா"ன்னு சொன்னேன். அந்த நேரம் எனக்கு எவ்வளவு தைரியம் வந்துது தெரியுமா? யாரோ ஒருத்தி இல்ல, நீ பார்த்திருக்கே.

உனக்காக ஒவ்வொரு தொழுகையிலயும் கேக்குறேன்.

உன் அண்ணி

*

மார்ச் 1

மரியாதைக்குரிய அண்ணிக்கும் அண்ணனுக்கும்,

வ அலைக்குமுஸ் ஸலாம். உங்க கடிதம் கிடைச்சு, படிச்சு, அழுது, திரும்பப் படிச்சு, அதுக்கப்புறம்தான் வேலைக்குப் போனேன். நான் சுகம். அண்ணன் கண்ணுக்கு நல்ல டாக்டரா பாருங்க. பட்டறையை மூடினா என்ன, அண்ணன் அதட்டுறதுக்கு ஆளா இல்ல வீட்ல?

பாப்பா தலைக்கு வேப்பெண்ணெய் வைங்க. பல் தேய்க்கச் சொல்லுங்க. என் படத்தை அவ கண்ணுல படுற மாதிரி மாட்டி வைங்க. "எங்க வச்சிட்டு வந்தே"ன்னு கேட்டாளா? கழுதை.

இங்க எப்பவும் போலத்தான். விரிப்பை மாத்து, குளியலறையைத் தேய், அடுத்த ரூமுக்கு ஓடு. நம்ம சூப்பர்வைசரம்மா கல்யாணம் பண்ணிட்டு ஊருக்குப் போறாங்க. அந்த வாயை எந்த மாப்பிள்ளை தாங்கப் போறானோன்னு இஸ்திரி அக்கா துணி மடிக்கிறதை விட்டுட்டுச் சிரிச்சாங்க. உங்க ஜன்னலோரக் கட்டில் சும்மா கிடக்குதேன்னு அதுக்கு மாறிட்டேன். நீங்க வந்ததும் விட்டுடுவேன்.

(தனித்தாள்)

அண்ணி, விசாரணை தள்ளிப் போகுது. மேனேஜர் வெளியூர் போயிருக்கார். நீங்க எதையும் மனசுல போட்டுக் குழப்பிக்காதீங்க. நான் இருக்கேன்ல. அந்த மூலை ரூம்காரன் காலி பண்ணிப் போயிட்டான், மாசக்கணக்குல இந்தப் பக்கம் வர மாட்டான்.

எனக்காக துஆ செய்யுங்க.

*

மார்ச் 22

அன்பு வாயாடிக்கு,

ஸலாம். நாங்க மூணு பேரும் நல்லா இருக்கோம். நீயும் அப்படியே இருக்கணும்.

வருஷக் கடைசியானாலும் பாப்பாவைப் பள்ளிக்கூடத்துல சேர்த்துக்கிட்டாங்க. முதல் நாள் நான் அழுதேன், அவ அழல. டீச்சர் "அப்பா பேரு என்ன?"ன்னு கேட்டதுக்கு "எனக்கு அப்பா கிடையாது, மாமாதான்"னு கணீர்னு சொன்னாளாம். உன்னைக் கைவிட்டுப் போனவன் காதுல அது விழுந்திருக்கணும். முன்பல் ஒண்ணு விழுந்துடுச்சு. அதை எடுத்துப் பொட்டலம் கட்டி, உம்மாவுக்கு அனுப்புன்னு ஒரே பிடிவாதம். கடிதத்துல பல்லை அனுப்பக் கூடாதுன்னு உன் அண்ணன் சட்டம் பேசி ஒரு வழியா சமாளிச்சார்.

(தனித்தாள்)

எனக்கு இங்க இருப்பே கொள்ளல. அவர் தினம் "எப்பக் கூப்பிடுவாங்க?"ன்னு கேக்குறார். நானும் தினம் ஒரு கதை சொல்றேன். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவளுக்கு இது பெரிய வேலை, நேத்து சொன்னது இன்னிக்கு மறந்து போகுது.

தூக்கத்துல அந்தக் கதவு சாத்துற சத்தம் கேக்குது. நீ இடிச்ச சத்தமும் கேக்குது. அது கேட்டாத்தான் மறுபடி தூக்கம் வரும். அன்னிக்கு வராந்தாவுலயே உக்கார்ந்து உன் துப்பட்டாவை அவுத்து என் தலையில போட்டு விட்டே. உன் தலையை மூட ஒண்ணுமில்லாம, வண்டியில கிடந்த குளியல் துண்டை எடுத்துச் சுத்திக்கிட்டு கூட வந்தே. இதையெல்லாம் நேர்ல சொல்ல வெக்கமா இருந்துது. கடிதத்துல சொல்லிட்டேன்.

விசாரணை நடந்ததும் எழுது. ஒரு வரி போதும்.

அண்ணி

*

ஏப்ரல் 29

அண்ணிக்கு,

ஸலாம். நான் நலம். நீங்க எல்லாரும் நலமா? பதில் எழுதத் தாமதம், வேலை ஜாஸ்தி. பாப்பாவுக்கு ஒரு ஜோடி ஷூ, ஊருக்கு வர்ற ஆள் கையில குடுத்து விட்டிருக்கேன். கொஞ்சம் பெருசா இருந்தா முன்னால பஞ்சு வச்சுப் போடுங்க.

முழங்கால் இப்ப பரவாயில்ல. தைலமே தேவைப்படல.

விசாரணை முடிஞ்சுது. சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன். அவங்க முடிவு இன்னும் தெரியல.

அண்ணனுக்கு ஸலாம் சொல்லுங்க. நேரமில்ல, முடிக்கிறேன்.

*

மே 11

என் தங்கமே,

ஸலாம். உன் கடிதத்துல "சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன்"னு பார்த்ததும் அப்படியே நெத்தி தரையில பட ஸஜ்தாவுல விழுந்தேன். அந்த வரி தனித்தாள்ல இல்லாததால உன் அண்ணனுக்குப் படிக்கறப்ப தாண்டிட்டேன். அடுத்த தடவை கவனமா இரு.

ஷூ வந்துது. பஞ்சு வைக்காமலே போட்டுட்டுத் தெரு முழுக்க டக்கு டக்குன்னு நடக்குறா. படுக்கறப்பவும் கழட்டல.

(தனித்தாள்)

ஒண்ணு கேக்கணும். போன வெள்ளிக்கிழமை மருந்துக்கடைக்கு நீ போன் பண்ணினியாமே? கடைக்காரர் வந்து உன் அண்ணனைக் கைப்பிடிச்சுக் கூட்டிட்டுப் போனார். பாப்பாவையும் என்னையும் கூப்பிடல. திரும்பி வந்த மனுஷன் வேற மனுஷன். சோறு போட்டா "அப்பறம் சாப்பிடறேன்"ங்கறார். கை கழுவத் தண்ணி ஊத்தினா "நானே ஊத்திக்கிறேன்"ங்கறார், செம்பு எங்க இருக்குன்னு தடவித் தடவித் தேடுறார், என்கிட்ட வாங்க மாட்டேங்கிறார். நேத்து திடீர்னு, "அங்க ரூமுக்குள்ள போறப்ப கதவைத் திறந்து வைப்பீங்களா, சாத்துவீங்களா?"ன்னு கேட்டார். "திறந்துதான் வைப்போம்"னேன். "எப்பவுமா?"ன்னார்.

நீ என்ன பேசினே? தப்பா நினைச்சுக் கேக்கல. எனக்குத் தெரிஞ்சா நான் அதுக்குத் தக்கபடி பேசுவேன்.

அண்ணி

*

ஜூன் 16

வாயாடி,

ஸலாம். உன்கிட்ட இருந்து பதிலே இல்ல. உடம்புக்கு ஏதாவதா? பயமா இருக்கு.

உன் அண்ணன் படுக்கையை வெளி ரூமுக்கு மாத்திட்டார். புழுக்கமாம். நான் வெளி ரூம்ல படுத்துப் பார்த்தவ, அங்கதான் புழுக்கம்.

இனி மறைச்சுப் பிரயோஜனமில்லன்னு நேத்து நானே அவர் பக்கத்துல உக்கார்ந்தேன். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நான் லீவுல வரல"ன்னு ஆரம்பிச்சேன்.

"எனக்குத் தெரியும்"னார்.

"என்ன தெரியும்?"

"நடந்தது தெரியும். அதைத் திரும்ப உன் வாயால கேக்க எனக்குத் தெம்பில்ல. விட்டுடு."

எழுந்து சுவத்தைப் பிடிச்சிட்டு வெளிய போயிட்டார். தெரியும்னா ஏன் இப்படி? அவன் என்னைத் தொட்டான்கிறதுக்கு என்னையே தள்ளி வைக்கிறாரா? உன் அண்ணன் அப்படிப்பட்டவர் இல்லையே. மாரடிச்சு அழுதிருப்பார், அவனைத் திட்டியிருப்பார், என் தலையைத் தடவியிருப்பார். எனக்குத் தெரிஞ்ச மனுஷன் அதைத்தான் செய்வார்.

நீ அவர்கிட்ட சொன்னது எதுன்னு மட்டும் எழுது. உன் மக மேல எனக்கு இருக்கிற பாசத்துக்காகவாவது எழுது.

அண்ணி

*

ஜூலை 4

அண்ணிக்கு,

ஸலாம். நலம், நலமறிய ஆவல். ரெண்டு கடிதமும் கிடைச்சுது.

அண்ணன் கேட்டார், ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன்னு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகமில்ல. போன்ல சரியாவும் கேக்கல. அண்ணன் குணம் உங்களுக்குத் தெரியாதா? கொஞ்ச நாள்ல தானா சரியாயிடுவார்.

ஒரு விஷயம். இங்க இருந்து உங்களைக் கூப்பிடுவாங்கன்னு எனக்குத் தோணல. நீங்க அங்கயே ஏதாவது வேலை பாருங்க. உங்களுக்கும் வயசாகுது, குனிஞ்சு நிமிந்து எத்தனை நாள் தேய்ப்பீங்க? அங்க அண்ணன் பக்கத்துல, பாப்பா பக்கத்துல இருக்கறது ஒரு பாக்கியம்தானே. எனக்கு அது கிடைக்கல.

இனி அடிக்கடி எழுத வேணாம். கடிதம் எல்லாம் ஆபீஸ் வழியாத்தான் வருது, யார் பிரிக்கறாங்க யார் படிக்கறாங்கன்னு தெரியல.

பாப்பாவுக்கு முத்தம்.

*

ஆகஸ்ட் 19

அஸ்ஸலாமு அலைக்கும்.

ஸலாம் சொல்லித்தான் ஆரம்பிக்கணும்னு கத்துக்கொடுத்திருக்காங்க, அதனால சொன்னேன்.

இஸ்திரி அக்கா லீவுல வந்திருக்காங்க. எங்க வீடு தேடி வந்தாங்க. வாசல்லயே நின்னுக்கிட்டு உள்ள வரத் தயங்கினாங்க. சோப்பு, ஒரு டப்பா பேரீச்சம்பழம், ரெண்டையும் கையில வச்சுத் திருப்பிக்கிட்டே இருந்தாங்க. நான்தான் கையைப் பிடிச்சு இழுத்து உக்கார வச்சேன். டீ போட்டேன். பாப்பா ஷூவைக் காட்டினா. எல்லாம் பேசினோம், உன்னைப் பத்தி மட்டும் அவங்க பேசல. நானே கேட்டேன்.

"நம்ம வாயாடி எப்படி இருக்கா? ரொம்ப மெலிஞ்சுட்டாளா?"

அக்கா டீயைக் கீழ வச்சாங்க. "உனக்கு ஒண்ணுமே தெரியாதா? அவதானே இப்ப சூப்பர்வைசர்."

எனக்கு முதல்ல சந்தோஷம்தான் வந்துது. சத்தியமா. அட கள்ளி, என்கிட்ட சொல்லலையேன்னு சிரிச்சேன். அக்கா சிரிக்கல.

"விசாரணை அன்னிக்கு நான் உள்ளதான் இருந்தேன்"னாங்க. "உன் முக்காடு கிழிஞ்சதைத் தைக்கக் குடுத்தியே, அதுக்காக என்னையும் கூப்பிட்டாங்க. கிழிசல் எப்படி இருந்துதுன்னு கேட்டாங்க, இழுத்துக் கிழிச்ச மாதிரி இருந்துதுன்னு சொன்னேன். அப்பறம் அவளைக் கேட்டாங்க. 'நான் வராந்தா அந்தக் கோடியில இருந்தேன், சத்தம் எதுவும் கேக்கல'ன்னா. நான் அவ மூஞ்சியையே பார்க்கிறேன், அவ என்னைப் பார்க்கல. மேனேஜர் 'வேற ஏதாவது தெரியுமா?'ன்னு கேட்டார். 'அண்ணி அந்த ரூமை எப்பவும் கேட்டு வாங்கிப்பாங்க. அவர்கூட நல்லாப் பேசுவாங்க'ன்னா. அவ்வளவுதான். முடிச்சுட்டாங்க."

அக்கா சொல்லி முடிக்கிறதுக்குள்ள நான் எழுந்துட்டேன். எதுக்கு எழுந்தேன்னு எனக்கே தெரியல. அடுப்புல ஒண்ணுமில்ல, அடுப்பை அணைக்கப் போனேன். திரும்பி வந்து கேட்டேன்.

"அக்கா, இதை இன்னொரு தடவை சொல்வீங்களா?"

"எதுக்கும்மா?"

"அவரும் கேக்கணும்."

வெளி ரூம்ல இருந்து உன் அண்ணனைக் கைப்பிடிச்சுக் கூட்டிட்டு வந்தேன். மாசக்கணக்குக்கு அப்பறம் அவர் கையை நான் பிடிச்சது அன்னிக்குத்தான். எதிர்ல உக்கார வச்சேன். அக்கா திரும்பச் சொன்னாங்க, ஒரு வார்த்தை கூடாம, ஒரு வார்த்தை குறையாம. கிழிசலைப் பத்திச் சொன்னாங்க. நான் கேட்டதும், அன்னிக்கு உன் துப்பட்டா என் தலையில இருந்ததையும், குளியல் துண்டைச் சுத்திக்கிட்டு நீ என்னைச் சலவை ரூமுக்குக் கூட்டிட்டு வந்ததையும் சொன்னாங்க. வராந்தா அந்தக் கோடியில இருந்தவ தலையில எப்படிக் குளியல் துண்டு வரும்?

அவர் அக்கா குரல் வந்த பக்கம் திரும்பினார். அப்பறம், "என் தங்கச்சியா?"ன்னு கேட்டார். அக்கா "ஆமா தம்பி"ன்னாங்க. "என் தங்கச்சியா?"ன்னு திரும்பக் கேட்டார்.

போன்ல நீ அவர்கிட்ட சொன்னதும் இதேதான். நான் அந்த ஆளோட சிரிச்சுப் பேசுவேன், நானாத்தான் அந்த ரூமுக்குப் போவேன், கடைசியில அவன் எல்லை மீறினதும் கத்திட்டேன், அதனால அனுப்பிட்டாங்க. "அண்ணியை எதுவும் கேட்டுடாதீங்க, பாவம்"னு வேற சொன்னியாம். அந்தப் பாவம்ங்கிற வார்த்தையைத்தான் என்னால செரிக்க முடியல.

அக்கா போனதும் அவர் என் பக்கம் கையை நீட்டினார். நான் கைக்கு எட்டுற தூரத்துல நிக்கல. அவரைக் கேட்டேன், "அவ சொன்னா நம்பிட்டீங்க. என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?" "நீயும்தானே லீவுன்னு பொய் சொன்னே"ன்னார். நியாயம்தான். ஆனா என் பொய் அவரைக் காப்பாத்தச் சொன்னது. உன் பொய்?

அந்த ரூமை நான் கேட்டு வாங்கினேனா? அது உன் பங்குக்கு வந்த ரூம். முதல் தடவை அவன் உன்னை ஒரு மாதிரி பார்த்தான், பயமா இருக்குன்னு நீ அழுதே. "நீ போகாதே, நான் போறேன்"னு சொல்லி மாத்திக்கிட்டேன். அது உனக்கும் எனக்கும் அல்லாஹ்வுக்கும் தெரியும்.

உன் மக இப்ப என் மடியிலதான் தலை வச்சுப் படுத்திருக்கா. யாருக்கு எழுதுறேன்னு கேட்டா. உம்மாவுக்குன்னு சொன்னேன். தனித்தாள் எதுவும் இந்தத் தடவை கிடையாது. எழுதி முடிச்சதும் அவருக்குப் படிச்சுக் காட்டிட்டுத்தான் தபால்ல போடப் போறேன்.

*

செப்டம்பர் 15

அண்ணி,

ஸலாம். சுகம் விசாரிக்க எனக்கு முகமில்ல.

இதை அண்ணனுக்குப் படிச்சாலும் சரி, கிழிச்சுப் போட்டாலும் சரி.

விசாரணைக்கு முந்தின நாள் மேனேஜர் என்னைத் தனியாக் கூப்பிட்டார். உக்காரச் சொன்னார். அந்த ரூம்ல நம்மளை யாரும் உக்காரச் சொன்னதில்ல. "அந்தக் கஸ்டமர் வருஷத்துல பாதி நாள் இங்க தங்குறவர், அவர் சொன்னா இன்னும் நாலு பேர் வருவாங்க. உங்க அண்ணி திரும்பி வரப் போறதில்ல, அது முடிஞ்சு போன விஷயம். நீயும் கூடப் போறியா, இல்ல இருக்கியான்னு மட்டும் சொல்லு"ன்னார். மிரட்டல. சாதாரணமா, டீ வேணுமான்னு கேக்கற மாதிரி கேட்டார்.

நான் பாப்பாவை நினைச்சேன். நான் வந்துட்டா அண்ணன் கண்ணும் இல்ல, வருமானமும் இல்ல, நாலு பேரும் ஒரே அடுப்பைப் பார்த்துட்டு உக்காரணும். உங்களுக்குப் புருஷன் இருக்கார், வீடு இருக்கு, உங்களை அண்ணன் விட்டுட மாட்டார்னு நினைச்சேன். எனக்கு இந்த வேலையை விட்டா என்ன இருக்குன்னு நினைச்சேன். இதெல்லாம் அப்பறமா நானே எனக்குச் சொல்லிக்கிட்டதோ என்னவோ. அன்னிக்கு நாக்கு தானா அப்படிப் புரண்டுது. 'கேக்கல'ன்னு ஒரு வார்த்தை சொன்னதும் அடுத்தது சுலபமா வந்துது.

அண்ணன்கிட்ட ஏன் சொன்னேன்னு கேட்டீங்க. "உங்க அண்ணி தூக்கத்துல அழுறா, அங்க என்ன நடந்துது?"ன்னு அவர் கேட்டார். இங்க ஒண்ணு, அங்க ஒண்ணுன்னு சொல்லி வச்சா, இங்கிருந்து யாராவது வந்து பேசறப்ப மாட்டிக்குவேனேன்னு ரெண்டையும் ஒண்ணாக்கிட்டேன். அவ்வளவு யோசிச்சிருக்கேன் பாருங்க. உங்களைப் பத்தி மட்டும் யோசிக்கல.

இன்னொண்ணும் இருக்கு. அதைச் சொல்லாம இதை மூட முடியல.

அவன் போன வாரம் திரும்பி வந்தான். அதே மூலை ரூம். நான் சூப்பர்வைசர், யாரை அனுப்பணும்னு நான்தான் சொல்லணும். நானே போயிருக்கலாம். புதுசா ஒரு பொண்ணு வந்திருக்கா. நம்ம பக்கத்துப் பொண்ணுதான், முக்காடு போட்டிருப்பா, சத்தமாப் பேசவே பயப்படுவா. அவளை அனுப்பினேன். கதவு சாத்தாம இருக்க வண்டியை நிலைப்படியில நிறுத்தச் சொன்னேன். நான் வராந்தாவுல நின்னேன். கொஞ்ச நேரத்துல வண்டியை யாரோ வெளிய தள்ளினாங்க, கதவு சாத்துச்சு.

நான் போய் இடிக்கல அண்ணி. நின்னுக்கிட்டே இருந்தேன்.

அவ வெளிய வந்தப்ப முக்காடு ஒழுங்காத்தான் இருந்துது. முகம்தான் அவ முகமா இல்ல. "முடிஞ்சுதா?"ன்னு கேட்டேன். "முடிஞ்சுது அக்கா"ன்னு சொல்லிட்டு அடுத்த ரூமுக்கு வண்டியைத் தள்ளிட்டுப் போனா. உள்ள என்ன ஆச்சுன்னு நான் கேக்கல. கேட்டா சொல்லிடுவாளேன்னு பயம்.

பாப்பாகிட்ட எதுவும் சொல்லிடாதீங்க. காலைப் பிடிச்சுக் கேக்குறேன்.

*

அக்டோபர் 2

உனக்கு,

ஸலாம். உன் மக சுகம்.

உன் கடிதத்தை அவருக்குப் படிச்சேன். மேனேஜர் பேசினது வரைக்கும் குரல் தடுமாறாம படிச்சுட்டேன். வராந்தாவுல நின்ன இடம் வந்ததும் முடியல. திரும்ப ஆரம்பிச்சு, ரெண்டு மூணு தடவை தண்ணி குடிச்சு, படிச்சு முடிச்சேன். மறுநாள் அவரே தடவித் தடவி அடுப்பு பத்த வச்சு எனக்குச் சோறு வடிச்சார். பாதி குழைஞ்சும் பாதி வேகாமயும் இருந்துது. சாப்பிட்டேன். மன்னிச்சுட்டேன்னு அர்த்தமில்ல, பசிச்சுது. படுக்கையை உள்ள கொண்டு வரலாமான்னு கேட்டார். இப்ப வேணாம்னு சொல்லிட்டேன்.

எனக்குச் செஞ்சதை நான் பார்த்துக்கறேன். அதை அழுது தீர்க்கவோ தீர்க்காம வச்சுக்கவோ எனக்கு உரிமை இருக்கு. அந்தப் பொண்ணுக்குச் செஞ்சது அப்படி இல்ல. அவளுக்கு நாத்தனாரும் இல்ல, கதவை இடிக்க ஆளும் இல்ல.

போய் அவகிட்ட கேளு. இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்னிக்கே கேளு. அவ அழட்டும், உன்னைத் திட்டட்டும், நீ அங்கயே உக்கார்ந்து கேளு. கேட்டதை மேனேஜர்கிட்ட போய்ச் சொல்லு. எனக்கு நடந்ததையும் சேர்த்துச் சொல்லு. இஸ்திரி அக்கா லீவு முடிஞ்சு வந்து சேர்ந்திருப்பாங்க, உன் கூட வருவாங்க. நான் அவங்ககிட்ட பேசிட்டேன். வேலை போகும். போகட்டும். இங்க பக்கத்துல ஒரு கல்யாண மண்டபத்துல எனக்குப் பாத்திரம் தேய்க்கற வேலை கிடைச்சிருக்கு. உன் மக பட்டினி கிடக்க மாட்டா.

நீ செய்யலேன்னா இனி எனக்கு எழுதாதே. அவளுக்கு எழுது, படிச்சுக் காட்டுறேன்.

*

டிசம்பர் 9

அண்ணிக்கு,

ஸலாம். எல்லாரும் சுகம்னு நம்புறேன்.

கேட்டேன். முதல்ல ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு சொன்னா. "நானும் அன்னிக்கு வராந்தாவுலதான் நின்னேன், கதவு சாத்தினதைப் பார்த்தேன்"னு சொன்னதும் என் மூஞ்சியிலயே அடிச்சா. "அப்ப ஏன்க்கா வரல?"ன்னு கேட்டு கேட்டு அடிச்சா. இஸ்திரி அக்கா விலக்க வந்தாங்க. நான்தான் வேணாம்னேன்.

மூணு பேரும் மேனேஜர்கிட்ட போனோம். சொன்னேன். உங்களுக்கு நடந்ததையும் சொன்னேன், நான் பொய் சொன்னதையும் சொன்னேன். "அன்னிக்குப் பொய் சொன்னவ இன்னிக்கு மட்டும் நிஜம் சொல்றேன்னு எப்படி நம்பறது?"ன்னு கேட்டார். அவனுக்கு ஒண்ணும் ஆகல, அண்ணி. அடுத்த மாசமும் வருவான். ஆனா அந்த ரூமுக்குத் தனியாப் போக மாட்டோம்னு மத்தப் பொண்ணுங்க எல்லாரும் சேர்ந்து சொல்லிட்டாங்க. நான் சொல்லி இல்ல, அந்தப் பொண்ணு அழுததைப் பார்த்து. இப்ப ரெண்டு ரெண்டு பேராப் போறாங்க. மேனேஜர் முணுமுணுத்துட்டு விட்டுட்டார்.

அவளையும் என்னையும் அனுப்பறாங்க. இந்த மாசக் கடைசியில வந்துடுவேன். நான் எங்க வரணும்னு நீங்களே சொல்லுங்க. வேணாம்னாலும் சொல்லுங்க.

*

டிசம்பர் 20

உனக்கு,

ஸலாம்.

அந்தப் பொண்ணுக்கு வீட்ல என்ன சொல்லி வச்சிருக்காங்கன்னு கேளு. அவங்க வீட்ல முகம் சுளிச்சா நேரா இங்க வரச் சொல்லு. உள் ரூம்ல என் பக்கத்துல படுத்துக்கட்டும். எத்தனை நாள்னாலும் சரி. மண்டபத்துல இன்னொரு ஆள் தேவைப்படுதுன்னு சொல்லி வச்சிருக்கேன். அவளா எதுவும் சொல்ற வரைக்கும் இங்க யாரும் எதையும் கேக்க மாட்டோம்.

நீ எங்க வரணும்னு கேட்டிருக்கே. உன் அண்ணன் வீட்டுக்கு வா. உன் மக இங்கதான் இருக்கா, அவளை விட்டு இனி எங்கயும் போகாதே. உன் அண்ணன் உன்னைக் கூட்டிட்டு வர வருவார். பக்கத்து வீட்டம்மா அவர் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வர்றேன்னு சொல்லியிருக்காங்க. நான் வரல.

தட்டு வைப்பேன், சோறு போடுவேன். உடம்புக்கு முடியலேன்னா கஷாயம் வச்சுத் தருவேன். ஸலாம் சொன்னா பதில் சொல்லுவேன், அது கடமை. அதுக்கு மேல ஒரு வார்த்தை என்கிட்ட எதிர்பார்க்காதே. முன்ன மாதிரி பேச எனக்கு வரல. வருமான்னு தெரியல. வந்தா நானே பேசுவேன், நீ கேட்டு வாங்காதே.

பாப்பாகிட்ட எதுவும் சொல்லல. உம்மா வர்றான்னு மட்டும் சொல்லியிருக்கேன். பகல்லயே வந்து சேர்ற மாதிரி பார்த்துக்கோ. அவ முழிச்சிருக்கணும்.

உன் அண்ணன் மனைவி